மஞ்சள் கை வைத்த பச்சைக் கோட்டு

குதிரைப் பந்தயத்துக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்று எங்கள் தெருவில் ஒன்பது நாள் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூடக் குதிரைப் பந்தயம் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்த குதிரையெல்லாம் ஜட்கா வண்டிக் குதிரை. அது சாட்டை விழுந்தாலும் நின்று யோசித்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கும். ஆனால் ஒரு விஷயம் தெரியாதபோதுதான் அதைப் பற்றி நிறையப் பேச வரும். பேசட்டும் என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது முப்பதுகளின் நடுவில். எடப்பாடியிலிருந்து சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு பட்டுத் தறி. அவர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால் நூலோடு குறுக்கே நாடா ஓடுகிற சத்தமும் நிற்காது, வாய் ஓடுகிற சத்தமும் நிற்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவில் போடுவதற்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டே அவர் பேசுவதில் பாதியைக் கேட்பேன். நல்ல மனுஷர்தான். உட்கார்ந்த இடத்திலேயே வேலை என்பதால் முப்பது வயசுக்குள் தொப்பை விழுந்துவிட்டது. அதை அவர் தொப்பை என்று ஒத்துக்கொள்ள மாட்டார், உடம்புவாகு என்பார்.

எல்லாம் ஒரு துணியில்தான் ஆரம்பித்தது. பக்கத்தில் நாலைந்து ஊருக்கு ஜமீன்தார்போல இருந்த மிட்டாதார் ஒருவரின் காரியஸ்தர் ஒருநாள் காலையில் வந்து, பச்சைப் பட்டும் மஞ்சள் பட்டும் வேண்டும் என்றார். கரை வேண்டாமாம், ஜரிகை வேண்டாமாம், மெல்லிசாக இருக்க வேண்டுமாம். கரை இல்லாமல் பட்டு எதற்கு என்று கேட்டோம். குதிரைப் பந்தயத்தன்று போட்டுக்கொள்வதற்கு என்றார். யார் போட்டுக்கொள்வதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. மிட்டாதார் வீட்டில் பட்டு வாங்கினால் மிட்டாதார்தானே போட்டுக்கொள்வார்? குதிரைக்காரனா போட்டுக்கொள்வான்? எங்கள் தெருவில் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அவன் மேலே கிடக்கிற துணியைப் பார்ப்போம். துணி சொல்லாததையா ஆள் சொல்லிவிடப் போகிறான்!

பாவு, அதாவது நீளவாட்டு நூல், போடும்போதே என் வீட்டுக்காரர் எங்கள் சொந்த நூலில் கொஞ்சம் நீளம் கூட்டிப் போட்டார். கேட்ட அளவை அறுத்துக் கொடுத்த பிறகு பச்சையில் ஒரு துண்டும் மஞ்சளில் ஒரு துண்டும் எங்களுக்கு நின்றன. பச்சையை விற்றுவிடுவது, மஞ்சள் எனக்கு ரவிக்கைக்கு என்று பேச்சு. அப்போது எங்கள் தெருவில் ரவிக்கை போடுகிற பெண்கள் மூன்றே பேர். பட்டு ரவிக்கை ஒருத்திக்கும் கிடையாது. அந்த மஞ்சள் துணி தறியில் இருக்கும்போதே நான் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்ப்பேன். ராத்திரி கண்ணை மூடினால் நான் அதைப் போட்டுக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போவேன், மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆசைதான், அதை மறைப்பானேன்.

இதற்கிடையில் தெருவுக்கே ஒரு இடி விழுந்தது. எங்கள் தெருமுனையில் பாவடி இருக்கிறது. பாவடி என்றால் வேறொன்றும் இல்லை, நீளமான ஒரு வெற்றுத் திடல், இரண்டு பக்கமும் வேப்பமரம். விடிகாலையில் அங்கேதான் பாவு நூலை முளையடித்து நீட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து சரிசெய்வார்கள். தெருவில் இருக்கிற அத்தனை தறிக்கும் அந்த ஒரு திடல்தான். இந்தப் பந்தயம் முடிந்ததும், இனி வருஷா வருஷம் பந்தயத்துக்கு வருகிற குதிரைகளுக்குக் கொட்டகை போட அந்தத் திடலை எடுத்துக்கொள்ளப் போவதாகவும், பிறகு அது நிரந்தரமாக லாயம் ஆகும் என்றும் சர்க்காரிலிருந்து தண்டோரா போட்டுவிட்டுப் போனார்கள். பாவு நீட்ட ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லும் முள்ளுமாக ஒரு இடத்தைக் காட்டினார்கள். அங்கே பட்டு நூலை நீட்டினால் முள்தான் நெய்யும். பாவடி போனால் பாவு இல்லை, பாவு இல்லையென்றால் தறி இல்லை. எடப்பாடிக்கே திரும்பிப் போய் என் அண்ணன்மார் வீட்டில் தார் சுற்ற வேண்டியதுதான் என்று நான் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

தெருக்காரர்கள் எழுதிப் போட்ட மனுக்கள் தாலுகா கச்சேரிக்குள் போனதோடு சரி. அந்த நேரத்தில்தான் மிட்டாதார் வீட்டிலிருந்து ஒரு அச்சடித்த அட்டை வந்தது. துணி அவருக்குப் பிடித்துப்போய், நெய்தவர் சம்சாரத்தோடு பந்தயம் பார்க்க வரலாம் என்று அனுப்பியிருந்தார். அட்டை இங்கிலீஷில் இருந்ததால் முனிசிபல் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். ஜில்லா கலெக்டர் துரை வருகிறார் என்று வாசித்தார். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. பந்தயத்துக்கு உரிய முறையான உடையில் வர வேண்டும் என்று அந்த வரிக்கு அர்த்தம் சொன்னார்.

கலெக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தெரு நாட்டாமைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சாமி, இது மாரியாத்தாளே காட்டின வழி. பாவடியப் பத்தி ரெண்டு வார்த்தை துரை காதுல போட்டுட்டு வந்துரு சாமி" என்றார். என் வீட்டுக்காரர் அந்த நிமிஷத்திலேயே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

ஆனால் முறையான உடை என்றால் என்ன? உடை தப்பாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், பாவடி போச்சு. அதனால்தான் ஒன்பது நாள் பேச்சு. வேட்டி, அங்கவஸ்திரம், தலைப்பாகை என்றார் நாட்டாமைக்காரர். அது கல்யாணத்துக்கு உரிய முறை, பந்தயத்துக்கு அல்ல என்றார் வாத்தியார். அவரிடம் ஒரு கால்சட்டை இருந்தது. இரவல் கொடுத்தார். அது என் வீட்டுக்காரரின் முழங்காலுக்கு மேல் வர மறுத்துவிட்டது. மெட்ராஸ் பார்த்த ஒருவர், கறுப்புக் கோட்டு போட வேண்டும், உள்ளே பொத்தான் கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்றார். அவர் மெட்ராஸில் பார்த்தது ஒரு வக்கீலை என்று பிறகு தெரிந்தது.

பத்தாம் நாள் தையல்கார பாய் வந்து தீர்ப்புச் சொன்னார். மிட்டாதார் வீட்டுத் துணியை அவர்தான் தைத்தாராம். மூன்று சட்டை, மூன்றும் ஒரே மாதிரி. உடம்பு பச்சை, கை மஞ்சள். பந்தயத்துக்கு என்று சொல்லித்தான் தைக்கக் கொடுத்தார்களாம். மிட்டாதாருக்கு இரண்டு தம்பிகள் உண்டு என்பது ஊருக்கே தெரியும். மூன்று பேர், மூன்று சட்டை, கணக்கு நேராக வந்துவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும் பாய்க்கு இருந்தது. அளவு ரொம்பச் சின்னதாக இருந்ததாம், மிட்டாதார் தன் வயிற்றை அதற்குள் எங்கே வைப்பார் என்று தைக்கும்போதே அவருக்கு யோசனையாம். துரைமார் மத்தியில் இறுக்கிப் போடுவதுதான் மரியாதை என்று என் வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டார். எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள், அவருக்கும் அதே மாதிரி ஒரு கோட்டு தைப்பது என்று முடிவானது. எங்களிடம் அதே பச்சையும் அதே மஞ்சளும் மிச்சம் இருந்தது வேறு தெய்வச் செயலாகத் தெரிந்தது.

அந்தத் தெய்வச் செயலில் என் ரவிக்கை போயிற்று. பாய் கத்தரியை எடுக்கும்போது நான் உள்ளேயிருந்து வந்து நின்றேன்.

"ஏனுங்க, மஞ்சத் துணி எனக்குன்னு வெச்சதுங்க. நாக்குல நரம்பு இருந்தா நீங்களே சொல்லுங்க."

"உன்றதுதான் புள்ள. ஆனா பாவடி போயிட்டா ரவிக்கை போட்டுக்கிட்டு எங்க போவ?"

 அவர் சொன்னது நியாயமாக இருந்ததால் கோபம் இரண்டு மடங்கானது.  மறுநாள் உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். மனுஷர் துரையிடம் என்ன பேசுவது என்று சொல்லிக்கொண்டே அதையும் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டார். வாத்தியார் எழுதிக் கொடுத்த பேச்சு அது. "மகா கனம் பொருந்திய" என்று ஆரம்பித்து மூச்சு முட்ட ஓடும். தறியில் உட்கார்ந்து, மிதிக்கு ஒரு வார்த்தை, நாடாவுக்கு ஒரு வார்த்தை என்று மனப்பாடம் செய்தார். தார் சுற்றிக்கொண்டிருந்த எனக்கே முழுதும் பாடமாகிவிட்டது.

பந்தய நாள் வந்தது. பஞ்சகச்சம் கட்டி, மேலே கோட்டு. பச்சை உடம்பு, மஞ்சள் கை, கழுத்துவரை பொத்தான். பாய் மரியாதைக்காக நன்றாக இறுக்கித் தைத்திருந்தார். என் வீட்டுக்காரரால் குனிய முடியவில்லை, நான்தான் செருப்பை எடுத்துக் காலில் மாட்டினேன். மாட்டும்போது என் மஞ்சள் துணி என் மூக்குக்கு நேராக ஆடியது. நான் என் கூறைப்புடவையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, துரைக்குக் கொடுக்க ஒரு தட்டில் எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டேன். தெருவே நின்று வழியனுப்பியது. ஜட்காவில் ஏறும்போது முதுகுப்பக்கம் எங்கோ ஒரு தையல் சத்தம் போட்டது. எங்கள் இருவருக்கும் கேட்டது, இருவரும் கேட்காததுபோல உட்கார்ந்துகொண்டோம்.

ஊருக்கு வெளியே, சேர்வராயன் மலை தெரிகிற மைதானம். கொடி, கூடாரம், பாண்டு வாத்தியம். கூடாரத்து வாசலில் நாங்கள் அட்டையை எடுப்பதற்குள் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் கையில் காகிதத்தோடு ஓடி வந்தார். கோட்டைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். "பச்சை உடம்பு, மஞ்சள் கை. வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க" என்று என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடை என்றால் அது உடை, ஒன்பது நாள் பேசியது வீண் போகவில்லை என்று நினைத்தேன். ரவிக்கைக் கோபம்கூடப் பாதி இறங்கிவிட்டது.

புளியமரத்து அடியில் ஒரு பெரிய தராசு தொங்கியது. கடலைக்காய் மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசு, எங்களுக்குத் தெரிந்த சாமான்தான். ஒரு தட்டில் எடைக்கல் ஏற்றித் தயாராக வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தட்டில் உட்காரச் சொன்னார் குமாஸ்தா. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "துலாபாரம் புள்ள" என்றார் மெதுவாக. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோயிலில் பெரிய மனுஷரைத் தராசில் உட்காரவைத்து வெல்லமோ வாழைப்பழமோ எடைக்கு எடை கொடுப்பார்கள், நாங்கள் பார்த்திருக்கிறோம். நல்ல துணி நெய்ததற்காக மிட்டாதார் இந்த மரியாதை செய்கிறார், இந்த இடத்தில் பாவடியைக் கேட்டால் துரை எப்படி இல்லையென்பார்? நான் மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அவர் உட்கார்ந்தார். தட்டு தொம்மென்று தரையைத் தொட்டது. எதிர்த்தட்டு எழும்பிப்போய் நின்று ஆடியது. அதிலிருந்து இரண்டு கல் உருண்டு குமாஸ்தாவின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தன. குமாஸ்தா காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராகத் திருப்பினார். இன்னும் கல் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து ஏற்ற ஏற்ற, என் வீட்டுக்காரர் தரையைவிட்டு மேலே எழும்பிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆடினார். கூட்டம் சேர்ந்தது.

இதுதான் சமயம் என்று நான் துரையைத் தேடினேன். எதிரே இரண்டு வெள்ளைக்காரர்கள். ஒருவர் மேலே புத்தம்புதுச் சந்தன நிற டசர் பட்டுக் கோட்டு, நல்ல இழை, நல்ல நெசவு. இன்னொருவர் மேலே பழைய சாயம் போன கோட்டு, கை ஓரம் நூல் பிரிந்து தொங்கியது. யார் கலெக்டர் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டசர் கோட்டுக்காரரிடம் போய்த் தட்டை நீட்டி, காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு மிரண்டுபோய் நின்றார். அவர் குதிரை வைத்தியராம். நூல் பிரிந்த கோட்டுக்காரர்தான் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் அவருக்கு விலகி வழி விட்டபோதுதான் அவர் யார் என்று எனக்கு உறைத்தது.

அந்தத் துரை தமிழ் படித்தவர். புத்தகத்தில் படித்த தமிழ். தராசுப் பக்கம் போய் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குமாஸ்தாவிடம், "இவர் குதிரையின் மீது ஏறுபவரா? இதற்குக் குதிரை சம்மதித்ததா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான். நோஞ்சான், என் இடுப்பு உயரம் இருந்தால் அதிகம், கால் இரண்டும் வளைந்திருந்தன. அவன் மேலே பச்சை உடம்பு, மஞ்சள் கை. அவனுக்குப் பின்னால் அதேபோல இன்னும் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் மிட்டாதார், வெள்ளை வேட்டியும் சாதாரண அல்பாக்கா கம்பளிக் கோட்டுமாக. குதிரை ஓட்டுகிறவர்களுக்குத்தான் பட்டு, ஓடுவதற்கு முன்னால் அவர்களை நிறுத்துப் பார்க்கத்தான் தராசு. முதலாளிகளுக்கு எது வேண்டுமானாலும். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் இதைப் புரிந்துகொண்டோம். மைதானமே சிரித்தது. பாண்டு வாசித்தவர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. சங்கிலியைப் பிடித்தபடி, "மகா கனம்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் "மகா கனம்" என்றார். தராசில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னால் என்ன ஆகும்! சிரிப்பு இன்னும் கூடிற்று. மூன்று வருஷமாக ஒரு நிமிஷம் மூடாத வாய் அன்றைக்குத் திறந்தபடியே நின்றுவிட்டது. காதோரம் வேர்வை வழிந்தது.

 அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஆயிரம் காரணம் உண்டு. நான் சிரிப்பேன், திட்டுவேன், உப்பில்லாமல் சோறு போடுவேன். இவர்கள் யார் சிரிக்க? வாத்தியார் எழுதிக் கொடுத்தது முழுதும் எனக்குப் பாடம், ஆனால் அதில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. நான் அந்த நோஞ்சான் பையனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் என் வீட்டுக்காரரின் கோட்டுக் கையோடு சேர்த்துப் பிடித்தேன்.

"சாமி, நல்லாப் பாருங்க. இந்தச் சட்டையும் இவரு கோட்டும் ஒரே பாவுங்க. எங்க தறியில நெய்ஞ்சதுங்க. எங்க பாவடியில நீட்டின பாவுங்க. அந்தப் பாவடியில குதிரையக் கட்டீட்டீங்கன்னா, வாற வருஷம் உங்க குதிரை மேல உக்கார்றவன் அம்மணமாத்தானுங்க உக்காரோணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. நான் சட்டைக் கையை விடவில்லை. துரை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "அம்மணம் என்னும் சொல்லுக்குப் பொருள் யாது?" என்று குமாஸ்தாவைக் கேட்டார். குமாஸ்தா எச்சில் விழுங்கி, உடுப்பு கொஞ்சம் குறைச்சலாக இருப்பது என்றார். மிட்டாதார்தான் பக்கத்தில் போய்க் காதோடு இங்கிலீஷில் சொன்னார். சொன்னதும் துரையின் முகம் சிவந்தது, அப்புறம் அவருக்கு வந்த சிரிப்பில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்ற துரைசாணி குடையையே கீழே போட்டுவிட்டாள். இந்தச் சிரிப்பு எங்களைப் பார்த்து அல்ல. எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

அவர் மஞ்சள் கையை விரலால் தேய்த்துப் பார்த்தார். இரண்டையும் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "நாளைக் காலை எமக்கு அந்த இடத்தைக் காட்டுவீரா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவரோடு தராசும் ஆடியது. நாலு பேர் பிடித்து இறக்கினோம். இறங்கும்போது முதுகுத் தையல் முழுதுமாக விட்டுக்கொடுத்தது.

அப்புறம் பந்தயம் நடந்தது. பச்சையும் மஞ்சளும் மூன்று ஓட்டத்திலும் கடைசிக்கு முந்தி வந்தது. நாங்கள் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

மறுநாள் விடிகாலையில் துரை குதிரையிலேயே வந்தார். பாவடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாவு நீட்டியிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் அந்த இழையெல்லாம் ஈரத்தில் மின்னும். குதிரை அதைப் பார்த்து மிரண்டு கிட்டவே வர மறுத்ததால் அவர் இறங்கி நடந்தார். அதே நூல் பிரிந்த கோட்டு. முழு நீளமும் நடந்து, அறுந்த இழையை நான் முடிச்சுப் போடுவதைக் குனிந்து பார்த்து, தானும் ஒன்றை முடிந்து பார்க்க முயன்று, இரண்டு இழையை அறுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. இருபது நாள் தெருவே தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த இருபது நாளும் என் வீட்டுக்காரர் முதுகை ஒட்டுப்போட்ட அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பந்தயத்தில் நடந்ததைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார். முதல் வாரம், எங்க ஊட்டுக்காரி ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னாள் என்று சொன்னார். இரண்டாம் வாரம், நாங்க சொன்னோம் என்றார். மூன்றாம் வாரம், நான் தராசு மேல உக்காந்துக்கிட்டு துரையைப் பாத்து ஒரு கேள்வி கேட்டேன் பாரு என்றார். தராசு வரவரத் தேர் உயரத்துக்குப் போய்விட்டது. துலாபாரம் என்ற சொல்லும் மெதுவாக உள்ளே நுழைந்தது. கேட்டுக்கொண்டே தார் சுற்றினேன். என் ரவிக்கையையும் எடுத்துக்கொண்டார், என் பேச்சையும் எடுத்துக்கொண்டார், மீதி என்ன இருக்கிறது என்று என் மனசு கொதித்தது. குழம்பில் உப்புக் குறைப்பதெல்லாம் இந்த மனுஷருக்கு உறைக்காது என்று முன்பே தெரிந்ததால் உப்புப் போட்டே வைத்தேன்.

உத்தரவு வந்தது. குதிரைக் கொட்டகை ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகும், பாவடி பாவடியாகவே இருக்கும். வாத்தியார் அதைப் பாவடியில் நின்று வாசித்தபோது ஆண்களே அழுதார்கள். நாட்டாமைக்காரர் என் வீட்டுக்காரரை முன்னால் அழைத்து மாலை போட்டார். "சாமி, துரைகிட்டக் கேட்டயே ஒரு கேள்வி, அத இந்தச் சனத்துக்கு முன்னால இன்னொருக்காச் சொல்லு சாமி" என்றார்.

நான் பெண்கள் பக்கம் கடைசியில் நின்றேன். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்து, மஞ்சள் கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். அப்போது அவர் கண் என் மேல் விழுந்தது. நான் முறைக்கவில்லை, சத்தியமாக முறைக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். தராசில் திறந்தபடி நின்ற வாய் மறுபடியும் அப்படியே நின்றது. அப்புறம் மாலையைக் கழற்றினார். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெற்றுடம்போடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கோட்டை என் கையில் வைத்தார்.

"நான் தராசுல உக்காந்திருந்தேன், அவ்வளவுதானுங்க. கேட்டது இவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அழுதது வெட்கமாகப் போய்விட்டதால், கோட்டை மூஞ்சியில் வைத்துத் துடைத்துக்கொண்டேன். வேர்வை நாற்றம் அடித்தது. பட்டுத் துணியில் அந்த நாற்றம் லேசில் போகாது என்று அப்போதும் ஒரு நினைப்பு ஓடியது.

அன்றைக்கே பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் உடம்புவாகுக்குத் தைத்த கோட்டில் எனக்கு இரண்டு ரவிக்கை வந்தன. ஒன்று முழுப் பச்சை. இன்னொன்று பச்சை உடம்பு, மஞ்சள் கை.

அடுத்த வருஷமும் மிட்டாதார் வீட்டிலிருந்து அட்டை வந்தது. என்ன உடுத்துவது என்று தெருவில் ஒருவரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் நாலு முழ வேட்டியும் துண்டும் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு அடி பின்னால் வந்தார். நான் மஞ்சள் கை ரவிக்கை போட்டிருந்தேன். புளியமரத்து அடியில் அதே குமாஸ்தா காகிதத்தோடு நின்றிருந்தார். பச்சையையும் மஞ்சளையும் தூரத்தில் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போய், தராசுத் தட்டை மறைத்துக்கொண்டு நின்றார்.